ஒரே ஆண்டில் நாடகம், தியானம், பாட்டு, நாவல்: சிங்கப்பூர்க் கிறிஸ்தவ எழுத்தாளருக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு சபையில் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அதனால் கிறிஸ்துமஸ் நாடகம், தவக்காலத் தியானங்கள், பாடகர் குழுவுக்குப் புதுப் பாட்டு, கல்யாண வரவேற்பு மடல் என்று எல்லாமே சுற்றிச் சுற்றி அதே ஆளிடம் வந்து சேரும். அவருடைய சொந்த நாவலோ பாதியில் கிடக்கும். புதிதாக இந்த நிலையில் மாட்டிக்கொள்பவர்கள் முதலில் நேரம் போதவில்லை என்றுதான் புலம்புவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், இரண்டு மூன்று படைப்புகளை ஒரே சமயத்தில் முதல் வரைவில் வைத்துக்கொண்டு எதையும் நகர்த்த முடியாமல் நிற்பார்கள். கீழே உள்ள வரிசை அந்த ஒரு தவறைத் தடுப்பதற்காக அமைத்தது. வரிசையை மாற்றினால் பலன் குறையும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று நாட்காட்டிகள் வேண்டும். சபையின் ஆண்டு நாட்காட்டி ஒன்று, மனிதவள அமைச்சின் பொது விடுமுறைப் பட்டியல் ஒன்று, கல்வி அமைச்சின் பள்ளி விடுமுறை அட்டவணை ஒன்று. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். நாடகத்தில் நடிப்பவர்களில் பாதிப்பேர் பள்ளிப் பிள்ளைகள். ஆகவே உங்கள் எழுத்து வேலையின் கெடுவைத் தீர்மானிப்பதே அந்த அட்டவணைதான்.

அச்சிட்ட வேதாகமம் வேண்டும், உங்கள் சபை ஆராதனையில் வாசிக்கும் மொழிபெயர்ப்பாக. கைப்பேசிச் செயலி தேடுவதற்கு மட்டும். தைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். படைப்புக்கு ஒன்று என்று நாலு வாங்கினால் தேவைப்படும் குறிப்பு எப்போதும் வேறொன்றில் இருக்கும். போன வருட நாடகப் பிரதி கிடைத்தால் வாங்கி வையுங்கள். எத்தனை பக்கம் எத்தனை நிமிடம் ஓடியது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

2. எல்லாவற்றையும் ஒரே தாளில் இறக்குங்கள்

ஒத்துக்கொண்டவை, மனத்தில் இருப்பவை, பாதியில் நிற்பவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம்: யாருக்காக, எந்தத் தேதிக்கு, எத்தனை சொல், கடைசி முடிவு யார் கையில்.

சொல் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். "சின்ன வேலைதானே" என்று வாங்கியவைதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு தியானம் 250 சொல் என்றால் தவக்காலத்துக்கு 40 தியானம், ஆக 10,000 சொல். நாடகத்தில் பேச்சு, நடமாட்டம், இடைவெளி எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 80 சொல் என்று வைத்துக்கொண்டால், 25 நிமிட நாடகம் 2,000 சொல். சபையே பேசிக்கொள்ளும் பெரிய வேலை நாடகம். யார் கண்ணிலும் படாத தியானத் தொகுப்போ அதைப்போல ஐந்து மடங்கு. இதைத் தாளில் பார்க்கும்வரை பெரும்பாலானோர் நம்புவதில்லை.

நான்காவது விவரத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். "கமிட்டி" என்று எழுதினால் அந்த வேலை முடியாது.

3. வாக்குக் கொடுத்தவை வேறு, சொந்தமானவை வேறு

அடுத்து அதே தாளில் இரண்டு நிறம் தீட்டுங்கள். பிறர் காத்திருப்பவை ஒரு நிறம், உங்களைத் தவிர யாரும் காத்திராதவை இன்னொரு நிறம். ஓர் ஆண்டுக்குப் பெரிய வாக்கு மூன்று, சொந்த வேலை ஒன்று. முழுநேர வேலையும் வீடும் இருப்பவருக்கு இதுவே நிறைவு.

சொந்த வேலைக்கு வெளியே யாரும் கெடு வைக்கமாட்டார்கள். அதனால் அது எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். அதற்கும் வெளியிலிருந்து ஒரு தேதியை இரவல் வாங்குங்கள். தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுப் போட்டி, ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி நடக்கும் போட்டிகள், வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் வாசிக்க ஒத்துக்கொண்ட அத்தியாயம் என எதுவானாலும் சரி.

இங்கே வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சிறுகதைப் போட்டிகள் பெரும்பாலும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கும். சபை மலரிலோ ஃபேஸ்புக்கிலோ போட்ட கதையும் வெளிவந்ததாகவே எண்ணப்படலாம். ஆகவே போட்டி முதலில், முடிவு வந்த பிறகு சபை மலர். மாற்றிச் செய்துவிட்டால் திரும்ப வழியில்லை.

4. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணினால் கணக்கு எப்போதும் சரியாக வருவதுபோலத் தோன்றும். மேடையேறும் நாளிலிருந்து பின்னோக்கி வந்தால்தான் இடையில் உள்ள பள்ளங்கள் தெரியும். 2026 ஏப்ரலில் தொடங்கி 2027 மார்ச்சில் முடியும் ஓர் ஆண்டை வைத்துப் பார்ப்போம்.

*கிறிஸ்துமஸ் நாடகம்.* மேடையேற்றம் 2026 டிசம்பர் 20, ஞாயிறு. முழு ஒத்திகை அதற்கு முந்திய ஞாயிறு. சனிக்கிழமை ஒத்திகைகளை அக்டோபர் 17-இல் தொடங்கலாம்; அதற்குள் தொடக்கநிலை ஆறு பிள்ளைகள் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை முடித்திருப்பார்கள். அக்டோபர் 17 முதல் டிசம்பர் 12 வரை ஒன்பது சனிக்கிழமை. நவம்பர் 8 தீபாவளி. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாதவர் யார்? அந்த வார இறுதியைக் கழித்தால் எட்டு. நவம்பர் பின்பாதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல குடும்பங்கள் சென்னைக்கோ நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ கிளம்பிவிடும். யார் ஊரில் இருப்பார்கள் என்பதை விமானச் சீட்டு வாங்குமுன், அதாவது செப்டம்பரில் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமானால் பாத்திரப் பட்டியல் உறுதியாகியிருக்க வேண்டும். ஆக இறுதிப் பிரதிக்குக் கெடு ஆகஸ்ட் 31. போதகர் பார்க்க இரண்டு வாரம், திருத்தத்துக்கு மூன்று வாரம் விட்டால் முதல் வரைவு ஜூன் விடுமுறையில் எழுத வேண்டியதாகிறது. அக்டோபரில் உட்கார்ந்து எழுதத் தொடங்குபவரின் நாடகம் ஏன் ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டதாக வருகிறது என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

*தவக்காலத் தியானம்.* 2027-இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ஞாயிறுகளை விட்டுவிட்டு எண்ணினால் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முன் 40 நாள். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, 7. அச்சகங்கள் அதற்கு முன்பிருந்தே நெருக்கடியில் இருக்கும், பண்டிகையில் மூடியிருக்கும். கோப்பு ஜனவரி 18-ஆம் தேதிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். திருத்தம் ஜனவரி 4 முதல் இரண்டு வாரம். டிசம்பரில் யாரும் எதுவும் எழுதமுடியாது. ஆக முதல் வரைவு செப்டம்பர் 14 முதல் நவம்பர் 22 வரை, பத்து வாரம், வாரத்துக்கு நான்கு. நவம்பர் 29-இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கிவிடும்; அதற்கு மேல் இழுக்க இடமில்லை.

*உயிர்ப்பு ஞாயிறுப் பாட்டு.* 2027-இல் அது மார்ச் 28. பாடகர் குழு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகுதான் கூடும். ஜனவரி 31 முதல் மார்ச் 21 வரை எட்டு ஞாயிறு. சீனப் புத்தாண்டு ஞாயிற்றைக் கழித்தால் ஏழு. மெட்டும் வரியும் ஜனவரி 30-க்குள் தயாராக வேண்டும்.

*நாவல்.* மேலே சொன்னவை போக மிஞ்சுவது ஏப்ரல், மே, ஜூலை, ஆகஸ்ட், பிறகு பிப்ரவரி, மார்ச். இடையில் தவறிப்போகும் வாரங்களைக் கழித்தால் ஏறக்குறைய 22 வாரம். வாரம் ஆயிரம் சொல் என்றால் 22,000 சொல். 60,000 சொல் நாவலுக்கு மூன்று ஆண்டு ஆகும். மூன்று ஆண்டு என்றே போட்டுக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் முடிப்பேன் என்று சொல்லிக்கொள்பவர்கள்தான் பாதியில் விடுகிறார்கள்.

5. முதல் வரைவில் ஒன்று மட்டும்

ஒவ்வொரு படைப்பும் ஐந்து நிலையில் ஏதாவதொன்றில் இருக்கும்: குறிப்பு சேர்ப்பது, முதல் வரைவு, ஆறப்போடுவது, திருத்துவது, ஒப்படைப்பது. நான்கு படைப்பும் நான்கு வெவ்வேறு நிலையில் இருக்கலாம். தாராளமாக இருக்கட்டும். முதல் வரைவில் மட்டும் எப்போதும் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

முதல் வரைவில் நீங்கள் ஒரு குரலைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அது கைக்கு வர இரண்டு மூன்று அமர்வு பிடிக்கும். இடையில் இன்னொரு குரலைத் தேடப் போனால் முதலாவது நழுவிவிடும். திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. திருத்தம் அப்படியில்லை. குரல் ஏற்கெனவே தாளில் இருப்பதால் பதினைந்து நிமிடம் கிடைத்தாலும் உட்கார்ந்து நாலு வரி சரிசெய்யலாம். அதனால்தான் மேலே உள்ள கணக்கில் நாடகத்தின் முதல் வரைவு ஜூனில், தியானங்களுடையது செப்டம்பரில், பாட்டினுடையது ஜனவரியில் விழும்படி அமைந்திருக்கிறது. ஜனவரியில் தியானமும் பாட்டும் சேர்ந்து வருகின்றன. ஒன்று திருத்தம், மற்றது வரைவு என்பதால் இடிக்காது.

ஒரு படைப்பை எடுத்து வைக்கும்போது அதன் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதி வையுங்கள். எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து வர வேண்டிய காட்சி என்ன, இன்னும் தீராத சிக்கல் எது. உதாரணமாக: "மார்த்தா சாவியைக் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்தது தெக்கா சந்தைக் காட்சி, காலை நேரம். அண்ணனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று இன்னும் முடிவாகவில்லை." இந்த மூன்று வரி இல்லாமல் எட்டு வாரம் கழித்துத் திறந்தால் முதல் இரண்டு அமர்வும் பழையதைப் படிப்பதிலேயே போய்விடும். படிக்கத் தொடங்கினால் திருத்தத் தொடங்குவீர்கள், முதல் அத்தியாயம் ஏழாவது முறையாக மெருகேறும், கதை மட்டும் நகராது.

6. வாரத்தை வகுப்பது

ஞாயிற்றுக்கிழமையை எழுத்துக்கு ஒதுக்காதீர்கள். ஆராதனை, ஞாயிறு பள்ளி, குழு ஒத்திகை, பிறகு யார் வீட்டிலாவது சாப்பாடு என்று நாள் போய்விடும். வெள்ளி இரவு வீட்டு ஜெபக்கூட்டம் இருப்பவர்கள் அதையும் அடித்துவிடுங்கள்.

முதல் வரைவுக்கு வாரம் மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், குறிப்பிட்ட கிழமையில். தமிழில் தட்டச்சு பழகியவர் ஒரு மணிக்கு 300 முதல் 400 சொல் எழுதலாம். ஆயிரம் என்ற வாரக் கணக்கு இதிலிருந்துதான் வந்தது. விடிகாலையா இரவா என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் விடிகாலைதான் பத்திரம்.

எம்ஆர்டி ரயில் பயணத்தில் புதிதாக எழுத முயலவேண்டாம். நின்றுகொண்டே கைப்பேசியில் இரண்டு நிலையத்துக்கு ஒரு வாக்கியம் வரும், அதுவும் தட்டையாக வரும். அந்த நேரம் திருத்தத்துக்குப் பொருத்தம்: முந்தின நாள் எழுதியதை உதடசைத்துப் படித்து, இடறும் இடத்தில் குறி மட்டும் போடுங்கள். ஆய்வு தேவைப்படும் வேலையை மாதம் ஒரு சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துக்குக் கொண்டுபோங்கள். சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் அங்கே கிடைக்கும், வீட்டுக்கு எடுத்துவர முடியாது என்பதால் அங்கேயே குறிப்பெடுத்து முடிப்பீர்கள்.

7. குரல்கள் கலக்காமல் காப்பது

இந்த வழிகாட்டியில் கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான். பத்து வாரம் தியானம் எழுதிவிட்டுக் கதைக்குத் திரும்பினால் பாத்திரங்கள் எல்லாம் பிரசங்கம் செய்யும்.

இப்படி ஒரு பத்தி வரும்: மருத்துவமனை வராந்தாவில் தாய் மகனிடம், "மகனே, நீ கலங்காதே. கர்த்தர் உன் கண்ணீரைக் காண்கிறார். விசுவாசத்தோடு பொறுமையாய்க் காத்திரு" என்கிறாள். தியானத்தில் இது பொருந்தும். ஈசூனில் மூவறை வீட்டில் இருபது வருடம் அந்தப் பையனோடு குடியிருந்த அம்மா இப்படிப் பேசமாட்டாள். திருத்தினால்: "டாக்டர் என்னடா சொன்னாரு? ... சரி. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ. பையில பன் இருக்கு, எடு. நான் இங்கயே இருக்கேன்." அவள் விசுவாசம் அந்த 'இங்கயே இருக்கேன்' என்பதிலேயே இருக்கிறது. வாசகருக்கு அதைத் தனியாகச் சொல்லிக்காட்டத் தேவையில்லை.

இதைத் தடுக்க எளிய பழக்கம்: அமர்வின் முதல் பத்து நிமிடம் அதே படைப்பின் கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். காது குரலைப் பிடித்த பிறகு கை வைக்கலாம். கூடவே ஒவ்வொரு படைப்புக்கும் விலக்குச் சொல் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு: கிருபை, பாக்கியம், சோதனை, சாட்சி. பாத்திரம் உண்மையிலேயே அப்படிப் பேசும் ஆளாக இருந்தால் ஒழிய இவை வரக்கூடாது. தியானத்துக்கு: "நாம் அனைவரும்", "இன்றைய அவசர உலகில்". நாற்பது தியானத்தில் முப்பது இவற்றோடு தொடங்கியிருப்பதைத் திருத்தும்போது பார்த்துத் திடுக்கிடுவதைவிட முதலிலேயே தடுப்பது மேல்.

நாடக வசனத்துக்குத் தனி விதி. இங்கே வளரும் பிள்ளைகள் பலர் தமிழை நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் திணறுவார்கள். ஒரு வசனம் பத்துச் சொல்லுக்கு மேல் போனால் மேடையில் மறந்துவிடும். பிரதியை ஆங்கில எழுத்தில் எழுதித் தரச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள்; தந்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் கைப்பேசியில் பதிவுசெய்து அந்தப் பிள்ளைக்கு அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். டிசம்பரில் யாராவது வராமல் போவது நிச்சயம் என்பதால் மேய்ப்பன் ஒன்று, மேய்ப்பன் இரண்டு போன்ற சிறு வேடங்களை ஒருவரே பேசும்படி இணைக்கத்தக்கதாக எழுதுங்கள்.

பாட்டுக்கு வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் எந்த வரியையும் வைக்காதீர்கள். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் பொருளே மாறிப்போகும்: 'மனம்' நீண்டால் 'மானம்', 'வனம்' நீண்டால் 'வானம்'. நீளும் இடத்தில் நெடில் வைத்து எழுதுங்கள். வரி முடிவில் ஆ, ஏ, ஓ வந்தால் குழு மூச்சு விடாமல் இழுக்கலாம். தவக்கால ஞாயிறுகளிலும் பாடுவார்கள் என்றால், கத்தோலிக்க வழிபாட்டில் அந்த நாட்களில் அல்லேலூயா பாடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. வேத வசனத்தில் ஒரே மொழிபெயர்ப்பு

சீர்திருத்தச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கின்றன, கத்தோலிக்கர் திருவிவிலியத்தை. முன்னதில் ஆதியாகமம், சங்கீதம், கர்த்தர். பின்னதில் தொடக்க நூல், திருப்பாடல்கள், ஆண்டவர். ஒரே தொகுப்பில் இரண்டும் கலந்தால் வாசகர் உடனே கண்டுபிடிப்பார், பொருளை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார். இரண்டு வேறு சபைகளுக்கு எழுதுபவர் ஒவ்வொரு படைப்பின் முதல் பக்கத்திலும் எந்த மொழிபெயர்ப்பு என்று எழுதிவைக்க வேண்டும்.

நினைவிலிருந்து எழுதிய வசனத்தில் ஒரு சொல்லாவது பிசகியிருக்கும், அதுவும் மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தில்தான் அதிகம். எழுதும்போது அதிகாரமும் வசன எண்ணும் மட்டும் போடுங்கள். எல்லா வசனங்களையும் திருத்தும் கட்டத்தில் ஒரே அமர்வில் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு நிரப்புங்கள். புதிய மொழிபெயர்ப்புகளை எடுத்தாண்டால் எத்தனை வசனம்வரை அனுமதி இல்லாமல் அச்சிடலாம் என்பது அவற்றின் உரிமைப் பக்கத்தில் இருக்கும். நாற்பது தியானத்துக்கு அந்த வரம்பைத் தாண்ட வாய்ப்புண்டு.

9. கோப்புகள்

எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். சபை அறிக்கைத் தாளைப் பாமினி எழுத்துருவில் தயாரிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு; அந்தக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் கிறுக்கலாக வரும், மாற்றியில் போட்டாலும் கொம்புகள் சில இடம் மாறும். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப் அனுப்புங்கள், எழுத்துருவை உள்ளே பதித்து.

கோப்புப் பெயரில் 'கடைசி' என்ற சொல்லே வேண்டாம். ஆண்டு, மாதம், நாள், பிறகு படைப்பின் பெயர்: 20260831 நாடகம். வரிசை தானே அமைந்துவிடும். பிரதி மூன்று: கணினியில், மேகச் சேமிப்பில், ஒரு விரலியில் (பென் டிரைவ்).

10. ஒப்புதல் வாங்கும் முறை

முதலில் ஒரு பக்கக் கதைச்சுருக்கம். மே மாதமே போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கொடுத்துச் சரி என்ற வார்த்தையை வாங்கிவிட்டு, பிறகு எழுதுங்கள். முழுப் பிரதியையும் எழுதிமுடித்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. எட்டுப் பேர் எட்டுக் கருத்துச் சொல்வார்கள், எல்லாரையும் திருப்திப்படுத்தப் போய் நாடகம் எட்டுத் துண்டாகும். கருத்து சொல்ல ஒரு தேதி, ஒரு ஆள், இரண்டு சுற்று. அதோடு சரி.

மனமாற்றக் கதைகளில் கூடுதல் கவனம் தேவை. பாத்திரம் விட்டுவந்த சமயத்தை இழிவாகக் காட்டும் வரி எதுவும் இருக்கக்கூடாது. 1990-இல் இயற்றி 2019-இல் திருத்திய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இங்கே இருக்கிறது என்பது ஒரு பக்கம். பார்க்க வரும் கூட்டத்தில் அந்தப் பிள்ளையின் பெரியப்பாவும் அத்தையும் இருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். கதைக்கும் அதனால் நன்மைதான்; எதிர்த்தரப்பை மட்டமாகக் காட்டினால் பாத்திரத்தின் போராட்டமே சப்பென்று ஆகிவிடும்.

11. புதிய வேண்டுகோள் வரும்போது

வரும். "இதுவும் ஊழியம்தானே" என்ற வார்த்தையோடு வரும். உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாமல், தாளைப் பார்த்துவிட்டுத் தேதியோடு பதில் அனுப்புங்கள்: "அண்ணே, நவம்பர் கடைசிவரைக்கும் தவக்காலத் தியானம் எழுதுறேன். ஆண்டு மலர்க் கட்டுரையை ஜனவரி கடைசியில தரட்டுமா? அவசரம்னா வேற யாரையாச்சும் கேட்டுக்குங்க, நான் திருத்தித் தரேன்." தேதியோடு வரும் மறுப்பை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. திருத்தித் தருவதாகச் சொன்னால் சபையில் ஆறாவதாக ஒரு எழுத்தாளரும் உருவாவார்.

இறுதிச்சடங்கு நினைவுரை மட்டும் விதிவிலக்கு. அது நாள் குறித்து வராது, மறுநாளைக்குள் வேண்டும். மாதம் இரண்டு மணி நேரத்தை அதற்காகவே வெறுமையாக விட்டுவைத்தால் மற்ற கணக்கு குலையாது.

12. உரிமையும் வெளியீடும்

தொண்டூழியராக எழுதிக்கொடுத்த நாடகத்தின் காப்புரிமை, எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், உங்களுடையதுதான். சபையில் சம்பளத்துக்குப் பணியாற்றுபவர் தம் பணியின் பகுதியாக எழுதியது பொதுவாக வேலை தருபவருக்குப் போகும். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த காப்புரிமைச் சட்டம் ஆசிரியர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் தருகிறது. ஒப்படைக்கும் மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: இந்தப் பிரதியை இந்த ஆண்டு உங்கள் சபை மேடையேற்றலாம், பிற சபைகளுக்குத் தரும்போது என்னைக் கேட்கவும். மூன்று வருடம் கழித்து உங்கள் நாடகம் பெயரில்லாமல் வேறெங்கோ நடப்பதை இந்த இரண்டு வரி தடுக்கும்.

பாட்டுக்கு வேறொருவர் மெட்டை எடுத்தால் வரி மட்டும்தான் உங்களுடையது. சபை கிறிஸ்தவப் பாடல்களுக்கான சிசிஎல்ஐ உரிமம் வைத்திருந்தாலும் அது பட்டியலில் உள்ள பாடல்களுக்கு மட்டுமே. தமிழ்ப் பாடல் அதில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

தியானங்களை நூலாகப் போடுவதானால் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்குங்கள், அட்டை வடிவமைக்கும் முன்னரே. நூல் வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியை வாரியத்துக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம்.

13. ஒன்று பின்தங்கினால்

அக்டோபர் நடுவில் பத்துத் தியானம்கூட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரவில் கூடுதலாக உட்கார்ந்து பிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படி எழுதியதைத்தான் ஜனவரியில் திரும்ப எழுதவேண்டிவரும். அளவைக் குறையுங்கள். நாற்பதுக்குப் பதில் வாரநாட்களுக்கு மட்டும் எழுதினால் 33 போதும். சனிக்கிழமைக்கு ஒரு வேதபாகமும் இரண்டு கேள்வியும் அச்சிடலாம். இதைப் போதகரிடம் அக்டோபரிலேயே சொல்லுங்கள். அக்டோபரில் சொன்னால் அது திட்ட மாற்றம், ஜனவரியில் சொன்னால் சாக்கு.

நாடகம் பின்தங்கினால் ஒரு காட்சியை வெட்டுங்கள், பெரும்பாலும் சத்திரக்காரன் காட்சியின் இரண்டாவது பாதியை. பாட்டு பின்தங்கினால் மூன்று சரணத்துக்குப் பதில் இரண்டு. நாவலைத் தொடவேண்டாம், கடைசிப் பக்கத்தில் மூன்று வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வையுங்கள். அதன் முறை பிப்ரவரியில் வருகிறது.